மேலே மாமா, கீழே மாப்பிள்ளை

நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டே, ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்க முடியுமா? தாராளமாக முடியும். நகரத்தின் நட்டநடுவில், நாலு பக்கமும் அலுவலகங்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் எழும்பிக்கொண்டிருந்த அந்த உயரக் கட்டடத்தில் இரண்டு பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர், கட்டடத்துக்கும் மேலே ஒரு கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவர். இன்னொருவன், கொக்கியில் தொங்கும் சுமையை எங்கே இறக்க வேண்டும் என்று கீழே நின்று வாக்கிடாக்கியில் சொல்லுகிற சிக்னல்காரன். மேலே இருப்பவர் வேறு யாரோ அல்ல, கீழே இருப்பவனுடைய அக்காவின் கணவர்தான்.

கிரேன் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டுகிறவருக்குச் சுமை கண்ணில் படாத இடத்தில் சிக்னல்காரனின் குரல்தான் அவருக்குக் கண். சுமை நகர்கிற வரைக்கும் இவன் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கிரேன் நிற்க வேண்டும். இவனுக்குத் தொண்டை அடைத்தாலும் சரி, பேட்டரி தீர்ந்தாலும் சரி, மயக்கம் போட்டு விழுந்தாலும் சரி, சுமை அந்தரத்தில் அப்படியே நிற்கும், யார் தலையிலும் இறங்காது. யாரோ மூளையுள்ளவன் போட்ட சட்டம்.

ஆக, காலையிலிருந்து மாலை வரை இவன் பாட்டுக்குப் பேசுவான். "இறக்கு, இறக்கு, இறக்கு, இன்னும் இறக்கு, ஆள் உயரம், இடுப்பு, முழங்கால், மெல்ல, மெல்ல, நிறுத்து." வரிசை மாறாது, சொல் மாறாது. மேலேயிருந்து "சரி, இறக்கறேன்" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான் உறவு. மாமாவைப் போய் 'இறக்கு' என்று ஒருமையில் அதட்டுவதா என்று கேட்காதீர்கள். ராசியாக இருந்த காலத்தில் அவரே சொன்னது அது. "மரியாதையெல்லாம் வீட்டுல வச்சுக்க மாப்ள. நீ 'இறக்குங்க மாமா'ன்னு இழுத்து முடிக்கறதுக்குள்ள நான் ஒரு முழம் இறக்கியிருப்பேன்."

இப்போது மரியாதை காட்ட வீடும் இல்லை. அக்கா வீட்டு வாசலை மிதித்து வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிவிட்டது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து, அந்த மாப்பிள்ளை வீட்டு ஆட்களை ஒரு நாள் சாப்பிட அழைத்திருந்தார்கள். நம் ஆளுக்கு வாய் சும்மா இருக்குமா? சம்பந்தியாகப் போகிறவரைப் பார்த்து, "எங்க மாமாவுக்கு மேலேருந்து பார்த்துப் பார்த்து மனுஷங்க எல்லாரும் எறும்பு மாதிரிதான் தெரிவாங்க. நீங்க சம்பந்தின்னு அடையாளம் கண்டுபிடிக்கவே அவருக்கு ஆறு மாசம் ஆகும்" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்களே, என்ன என்று விழிக்கிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகம் சுருங்கியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

புறப்படும்போது படிக்கட்டில் மாமா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். இவன் கிட்டப் போய், "மாமா, விளையாட்டுக்குச் சொன்னேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றான். அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவையும் சொன்னான். அவர் பாட்டுக்கு மேலே ஏறிப் போய்விட்டார். இவனுக்குச் சுருக்கென்று தைத்தது. மன்னிப்புக் கேட்கிறவனைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாத அளவுக்கு ஒரு மனுஷனுக்கு அப்படி என்ன வீம்பு? அன்றைக்கு வீட்டைவிட்டு இறங்கியவன்தான்.

அக்கா மட்டும் அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிடுவாள். கூப்பிட்டு அழுவாள். "அவர் என்கிட்டயும் பேசறதில்லடா. நான் பாட்டுக்குச் சுவத்துக்கிட்ட சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டிருக்கேன். மனசு வந்தா 'ம்' கொட்டுவார், இல்லேன்னா டிவியையே பார்த்துக்கிட்டிருப்பார். எல்லாம் உன்னால வந்தது. அந்த வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்பாள். அக்காவின் குடித்தனத்தில் தன் நாக்கு மண்ணை அள்ளிப் போட்டுவிட்டதே என்ற எண்ணம் இவனை உள்ளுக்குள் அரித்தது. ஆனால் மாமாவிடம் போய் மறுபடியும் குனிந்து நிற்க ரோஷம் விடவில்லை.

கட்டடம் மட்டும் யார் சண்டையையும் சட்டை செய்யாமல் வளர்ந்தது. அது வெறும் பள்ளமாக இருந்த காலத்தில் மாமா கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தால் இவன் நின்ற இடம் தெரியும். கையை ஆட்டினாலே போதும். பிறகு தூண்கள் எழுந்தன, தளத்தின் மேல் தளம் விழுந்தது. அலுவலகம் போகிறவர்கள் காலையில் அண்ணாந்து பார்த்து, நேற்றைக்கு இது இவ்வளவு இல்லையே என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எதிர்க் கட்டடத்தின் சன்னல்களில் வெயில் விழுவது நின்றது. கிரேனும் கட்டடத்தோடு கூடவே உயர்ந்தது. கடைசியில் இவனுக்கு மாமா வெறும் குரல், மாமாவுக்கு இவன் வெறும் குரல் என்று ஆகிப்போனது.

இப்போது உச்சி முடிந்துவிட்டது. பக்கச் சுவர்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற வேலைதான் பாக்கி. அது முடிந்ததும் கிரேனைப் பிரித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். மாமா ஒரு ஊருக்கு, இவன் ஒரு ஊருக்கு. 'இறக்கு', 'இறக்கறேன்' என்கிற இந்தப் பேச்சும் நின்றுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? அக்கா உறவு அத்தோடு அறுந்தது என்றுதான் அர்த்தம். மீதியிருக்கும் கண்ணாடிப் பெட்டிகளை இவன் தினமும் எண்ணிப் பார்த்தான்.

அன்று காலையில் பின்பக்கம், சந்தின் ஓரமாக இருந்த பகுதியில் வேலை. கட்டடத்தின் நடு மாடி ஒன்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்பு மேடையில் பெட்டியை இறக்க வேண்டும். மாமாவின் கூண்டிலிருந்து அந்தப் பக்கம் அறவே தெரியாது. மேடையில் இவனும் கண்ணாடி மாட்டுகிறவரும் நின்றார்கள். கண்ணாடிக்காரர் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வேலை செய்கிற சாதுவான மனிதர்.

"இறக்கு, இறக்கு, இன்னும் இறக்கு, ஆள் உயரம்" என்று இவன் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, பெட்டி வந்து உட்கார மேடையில் வைத்திருந்த மரக்கட்டை கோணலாக இருப்பது கண்ணாடிக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. நேராக்கலாம் என்று குனிந்து உள்ளே நுழைந்துவிட்டார்.

"நிறுத்து" என்றான். பெட்டி இறங்கியது. "நிறுத்து, நிறுத்து, நிறுத்து" என்று கத்தினான். ஒன்றுமே நடக்காததுபோல, எப்போதும் இறங்குகிற அதே நிதானத்தில் அது இறங்கிக்கொண்டே இருந்தது. கத்திப் பிரயோஜனமில்லை என்று வாக்கிடாக்கியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். கண்ணாடிக்காரரின் இடுப்புப் பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். இரண்டு பேரும் மேடையில் உருண்டார்கள். திரும்பிப் பார்த்தபோது பெட்டி நின்றிருந்தது. சற்று முன்பு அந்த மனிதரின் தலை இருந்த இடத்தில் அது அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, கண்ணாடியோட சேர்த்து என்னையும் சுவத்துல மாட்டிடலாம்னு பார்த்தியா?" என்று கண்ணாடிக்காரர் சிரித்தார். சிரித்தாரே தவிர, தண்ணீர் பாட்டில் மூடியைத் தப்பான பக்கமாகவே திருகிக்கொண்டிருந்தார். இவன்தான் திறந்து கொடுத்தான். பிறகு இவன் மறுபடி 'இறக்கு' சொல்ல, இருவருமாகப் பெட்டியைக் கையால் பிடித்து ஒருவழியாக மேடையில் அமர்த்திக் கொக்கியைக் கழற்றினார்கள்.

சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "காத்துதான். இந்தப் பக்கம் சுழட்டி அடிக்கும். ஒரு டீ குடிச்சுட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

காற்று பெட்டியை ஆட்டும். பெட்டியை இறக்காது. இது இவனுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து கிரேன் பக்கம் ஒரு வாரம் நின்ற எவனுக்கும் தெரியும். அப்படியானால் என்ன? படிக்கட்டில் முதுகைக் காட்டிய மனுஷன் இங்கேயும் முதுகைக் காட்டிவிட்டார். நீ என்னடா எனக்கு நிறுத்து என்று சொல்வது, நான் நினைத்தால் நிறுத்துவேன் என்கிற திமிர். என்மேல் இருக்கிற கோபத்தை ஒரு அப்பாவியின் தலையிலா இறக்குவது? நினைக்க நினைக்க இவனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கண்ணாடிக்காரர் டீ குடிக்க உள்ளே போனதும் வாக்கிடாக்கியை எடுத்தான். வெறும் கொக்கி மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, என்மேல கோபம்னா என்கிட்ட காட்டுங்க. அந்த மனுஷன் உங்களுக்கு என்ன பண்ணினாரு?"

அந்த நிதானமான குரல் வந்தது.

"சரி, இறக்கறேன்."

இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் இறக்கச் சொல்லல மாமா. உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்" என்றான். கொக்கி இறங்கத் தொடங்கியது. பேச்சை நிறுத்தினான். கொக்கி நின்றது. மறுபடி பொத்தானை அழுத்தி, "அன்னிக்குப் படிக்கட்டுல நான் ரெண்டு தடவை மன்னிப்புக் கேட்டேனே மாமா, அப்பவும் இப்படித்தானே" என்று தொடங்கினான். கொக்கி இறங்கியது. விரலை எடுத்தான். நின்றது.

படிக்கட்டு நினைவுக்கு வந்தது. எல்லாரும் சிரிக்கும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்த அந்த விழிப்பு நினைவுக்கு வந்தது. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அழுத அக்கா நினைவுக்கு வந்தாள். அட கடவுளே, இந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. ஒரு வருஷமாக நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு செவிடரை வீம்புக்காரராக்கி வைத்திருக்கிறோமே என்று அந்த மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வாக்கிடாக்கி சரியில்லை, மேலே போய் வேறு ஒன்று கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு லிஃப்டில் உச்சிக்குப் போனான். அங்கிருந்து கிரேனின் இரும்புக் கம்பத்துக்குள் ஏணி. ஏறி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது. கூண்டுக் கதவைத் தட்டினான். மாமா திரும்பவில்லை. இந்தத் தடவை இவனுக்குக் கோபம் வரவில்லை. கதவைத் திறந்து தோளைத் தொட்டான். அவர் தூக்கிவாரிப் போட்டதுபோலத் திரும்பினார்.

ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் குனிந்து நிற்கத்தான் இடம். சுற்றிலும் கண்ணாடி. முன்னால் வாக்கிடாக்கி, சத்தம் முழுசாகத் திருகி வைக்கப்பட்டு ஓவென்று இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வேறு எவனாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் பைத்தியம் பிடித்திருக்கும்.

"கண்ணாடிக்காரர் தலைக்கு மேல இறக்கிட்டீங்க மாமா."

மாமா இவன் உதட்டையே பார்த்தார். "மெல்லச் சொல்லு."

இவன் மெல்லச் சொன்னான். நடந்ததை எல்லாம் சொன்னான். மாமாவின் முகம் வெளுத்துப்போனது. "அடி ஒண்ணும் படலியே" என்று இரண்டு தடவை கேட்டார்.

"எப்பலேருந்து மாமா?"

"இந்தக் கட்டடம் பள்ளமா இருந்தப்பவே ஆரம்பிச்சுது. அப்ப நீ கை காட்டினே, பார்த்து ஓட்டினேன். அப்புறம் இதை வச்சு ஓட்டினேன்" என்று வாக்கிடாக்கியில் இருந்த சின்னப் பச்சை விளக்கைத் தொட்டுக் காட்டினார். "நீ பேசினா இது எரியும். வாயை மூடினா அணையும். வரிசையும் நீ மாத்த மாட்டே. எரியற வரைக்கும் இறக்குவேன், அணைஞ்சா நிறுத்துவேன். எடை காட்டற முள்ளு சைபருக்கு வந்தா சுமை கழண்டாச்சுன்னு கொக்கியைத் தூக்கிடுவேன்."

"நான் நிறுத்து நிறுத்துன்னு கத்தினேனே."

"கத்தினியா? விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துதே." சொல்லிவிட்டு அவர் இவனைப் பார்த்தார். இவன் அவரைப் பார்த்தான். கத்தக் கத்தத்தான் பெட்டி இறங்கியிருக்கிறது. வாக்கிடாக்கியைப் போட்டுவிட்டுப் பாய்ந்ததால்தான் அது நின்றிருக்கிறது.

"நான் உங்ககிட்ட அன்னிக்கே மன்னிப்புக் கேட்டேன் மாமா. உங்க வீட்டுப் படிக்கட்டுல. ரெண்டு தடவை" என்றான்.

"படிக்கட்டுலயா?" மாமா யோசித்தார். "நீ சொல்லிக்காம கொள்ளாமப் போயிட்டேன்னுல்ல நான் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. எதுக்குச் சிரிச்சீங்கன்னு தெரியல. யார்கிட்ட போய்க் கேக்கறது?"

என்ன சொன்னேன் என்று இப்போது சொல்லிக் காட்டவும் இவனுக்கு வெட்கமாக இருந்தது.

"உன்னை எனக்கு ஜோடியா யார் போட்டாங்கன்னு நினைச்சே? நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றார் மாமா. "பேச்சு இல்லேன்னா என்ன? வேற எவன் கூட ஓட்டியிருந்தாலும் முதல் வாரமே மாட்டியிருப்பேன். உன் வரிசை எனக்கு மனப்பாடம்." பிறகு இவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் கண்ணாடிதான் மாப்ள. நான் ஓட்டின இத்தனை கிரேன்லயும் இவ்வளவு உசரம் பார்த்ததில்ல. இதை முடிச்சுட்டு நானே இறங்கிடறேன். இப்பதான் உனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சே. ஏதாவதுன்னா கத்தாதே, விரலை எடுத்துடு. நின்னுடும். இனி பயமே இல்ல. சாயந்தரம் வீட்டுக்கு வா. நாம ராசியாயிட்டோம்னா உங்க அக்கா எவ்வளவு சந்தோஷப்படுவா தெரியுமா?"

மாப்ள என்று அவர் வாயால் கேட்க ஒரு வருஷம் ஏங்கியவன் இவன். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா திரும்பக் கிடைப்பார், அக்கா வீடு திரும்பக் கிடைக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றுகூட மனசு சொன்னது. விரலை எடுத்தால் நிற்கும். அது உண்மைதானே.

"விரலை எடுத்தா நிக்கும் மாமா" என்றான் மெல்ல, அவர் பார்க்கும்படி. "ஒருத்தர் மேல இறங்கி அழுத்திடுச்சுன்னா? தூக்கு, தூக்குன்னு கத்துவேன். விளக்கு எரியும். நீங்க என்ன பண்ணுவீங்க?"

இவன் முழங்கையைப் பிடித்திருந்த மாமாவின் கை தளர்ந்து அவர் மடியில் விழுந்தது.

"நீங்களே சொல்லிடறீங்களா?"

"என் வாயால வராது" என்றார்.

இவன் தன் வாக்கிடாக்கியை எடுத்தான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. கதவுப் பக்கம் திரும்பி, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினான்.

"சொல்லிட்டியா?"

தலையாட்டினான்.

"எனக்குத் தெரியல. என்னைப் பார்த்துச் சொல்லு."

இவன் அவர் முன்னால் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "கிரேன் ஓட்டுறவருக்குக் காது கேக்கல. காலையில நடந்தது காத்தால இல்ல. வேற ஆள் வர்ற வரைக்கும் கிரேனை நிறுத்துங்க." சொல்லும்போது கண்ணீர் வந்துவிட்டது. மாமா கடைசிச் சொல் வரை உதட்டைப் பார்த்தார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய் என்பதுபோலத் தலையை அசைத்தார். இயந்திரத்தை அணைத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வாக்கிடாக்கியில் சூப்பர்வைசரின் குரல் படபடவென்று கேட்டது. பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து, "என்ன சொல்றார்?" என்று மாமா கேட்டார்.

"உங்களை மெதுவா, பத்திரமா கூட்டிக்கிட்டு வரச் சொல்றார்."

"அதுக்கா இவ்வளவு நேரம் பேசறார்?"

"கொஞ்சம் திட்டவும் திட்டறார் மாமா."

மாமாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. இருக்கையிலிருந்து எழுந்தார். உடனே மறுபடி உட்கார்ந்தார். "உங்க அக்காகிட்ட யார் சொல்றது?" என்றார். இத்தனை நேரத்தில் அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "ஒரு வருஷமா அவ என்னென்ன கேட்டாளோ, நான் எதுக்கெல்லாம் சும்மா தலையாட்டினேனோ. இனிமே வேலையும் இல்லேன்னு போய் எப்படி நிப்பேன்?"

"நான் வரேன் மாமா."

"நீ பக்கத்துல உட்காரணும். அவ பேசறதை நீ எனக்குச் சொல்லணும்."

"அவ நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சுத் திட்டுவா."

"திட்டட்டும். அதையும் ஒண்ணு விடாமச் சொல்லு" என்றார் மாமா. "ரொம்ப நாளாச்சு மாப்ள, அவ திட்டி நான் கேட்டு."